எண்ணூறு ரூபாய் வித்தியாசம்: வண்டிக்குக் கம்பெனி டயரா, லோக்கல் டயரா?

கல்லா மேசையில் இரண்டு டயர்களைச் சாய்த்து வைத்தார் கடைக்காரர். ஒன்று கம்பெனி டயர், 1,950 ரூபாய். மற்றது நான் பெயரே கேள்விப்படாத லோக்கல் டயர், 1,150 ரூபாய். "இரண்டும் ரப்பர்தான் சார். ஓட்டுகிறவர் கையில்தான் எல்லாம் இருக்கிறது" என்றார். ஒரு காலத்தில் எனக்கு இந்தச் சமாதானம் போதுமானதாக இருந்தது.

நான் மதுரையில் மருந்து விற்பனைப் பிரதிநிதி. பதினான்கு வருடங்களாக இதே வேலை. இப்போது ஓடுவது 2017இல் வாங்கிய இரண்டாவது ஸ்ப்ளெண்டர். ஒரு நாள் மேலூர், கொட்டாம்பட்டி. மறுநாள் வாடிப்பட்டி, சோழவந்தான். அதற்கடுத்து உசிலம்பட்டி. வருடத்துக்கு 22,000 கிலோமீட்டருக்குக் குறையாது. பயணப்படிக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருப்பதால் வண்டிப் பெட்டியில் ஒரு நீல அட்டை நோட்டு எப்போதும் கிடக்கும். பெட்ரோல், ஆயில், பிரேக் ஷூ என்று எழுதத் தொடங்கி, டயர் மாற்றிய நாளும் மீட்டர் அளவும் விலையும்கூட அதில் ஏறிவிட்டன. டயர் வாங்கப் போகிறேன், எதை வாங்கட்டும் என்று யாராவது கேட்டால் அந்த நோட்டைத்தான் எடுத்து வைப்பேன்.

முதலில் பணத்தைப் பார்த்துவிடுவோம். பலரும் தடுமாறுவது அங்கேதான்.

பின் சக்கரத்தில் நான் போட்ட லோக்கல் டயர் ஒன்று 13,400 கிலோமீட்டர் ஓடியது. விலை 1,050, மாட்டுக்கூலி 100. கிலோமீட்டருக்கு 8.6 காசு. அதற்கடுத்துப் போட்ட கம்பெனி டயர் 27,600 கிலோமீட்டர் ஓடியது. விலை 1,850, கூலி அதே 100. கிலோமீட்டருக்கு 7.1 காசு. ஆக, விலை கூடிய டயர்தான் மலிவு. ஆனால் எவ்வளவு மலிவு? ஒன்றரைக் காசு. வருடம் முழுக்க ஓட்டினாலும் மிச்சம் 330 ரூபாய். அந்த 27,600 கிலோமீட்டருக்கு வண்டி குடித்த பெட்ரோல், லிட்டருக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்தாலும், 460 லிட்டர். இன்றைய விலையில் நாற்பத்தாறாயிரத்துக்கு மேல். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றைக்கே, டயரைப் பணத்துக்காகத் தேர்ந்தெடுக்கிற வேலையை விட்டுவிட்டேன். லோக்கல் டயர் வாங்கியவர் பெரிதாக மிச்சம் பிடிப்பதுமில்லை, கம்பெனி டயர் வாங்கியவர் பெரிதாக இழப்பதுமில்லை. வித்தியாசம் தெரிகிற இடம் வேறு. அதை எனக்கு ஒரு நவம்பர் மாதம் காட்டிக் கொடுத்தது.

அன்று மாலை சோழவந்தானிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். தூறல்தான், மழை என்று சொல்ல முடியாது. வயலிலிருந்து ஏறிய டிராக்டர்கள் சாலை நெடுகச் சேற்றுத் தடம் போட்டிருந்தன. வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. வலப்பக்கத்திலிருந்து ஓர் ஆடு குறுக்கே வந்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். பின்சக்கரம் அப்படியே நின்றுபோய், வண்டி அலம்பி, பின்பக்கம் இடது புறமாக என்னை முந்திக்கொண்டு வந்தது. அடுத்து நான் பார்த்தது, சாம்பிள் பையிலிருந்து தெறித்த இருமல் மருந்துப் புட்டிகள் சாலையில் உருள்வதை. முழங்கையில் ஆறு தையல், இரண்டு நாள் விடுப்பு. ஆடு போய்விட்டது.

மறுநாள் பின்சக்கரத்தில் இருந்த லோக்கல் டயரைக் குனிந்து பார்த்தேன். பட்டன், அதாவது சாலையில் படும் ரப்பர்க் கட்டைகள், நன்றாகத்தான் இருந்தது, பாதிகூடத் தேயவில்லை. ஆனால் ரப்பர் நகம் பதியாத அளவுக்குக் கல்லாக இருந்தது. அதே வழியில், அதே தூறலில், அதைவிடத் தேய்ந்த கம்பெனி டயரில் எத்தனையோ முறை பிரேக் பிடித்து நின்றிருக்கிறேன். அதற்குப் பிறகுதான், "பட்டன் இருக்கிறதா" என்று மட்டும் பார்ப்பது அரைகுறைச் சோதனை என்று உறைத்தது.

டயர் ரப்பரில் ஓர் இழுபறி உண்டு. கடினமாகச் செய்தால் மெதுவாகத் தேயும், ஆனால் ஈரத்தில் வழுக்கும். மென்மையாகச் செய்தால் சாலையைக் கவ்வும், ஆனால் சீக்கிரம் கரையும். இரண்டையும் ஓரளவு சேர்த்துக் கொடுப்பதற்குத்தான் கலவையில் செலவு ஆகிறது. விலையைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவைப்பதும் அங்கேதான். இன்னொன்று, ஒரே மாதிரி வருவது. நான் சொன்ன லோக்கல் டயர் 13,400 ஓடியது என்றேன் அல்லவா? அதே பெயர், அதே கடையில் அடுத்து வாங்கியது 9,800 கிலோமீட்டரில் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டது. உள்ளே இருக்கும் நைலான் இழை அந்த இடத்தில் விட்டுப்போனால் அப்படித்தான் புடைக்கும். புடைத்த டயரில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது, அது எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. லோக்கல் டயர் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கைக்கு வருவது நல்லதா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்துப் போய்விடுகிறது என்கிறேன்.

சரி, கடைக்குப் போனதும் என்ன செய்வது? பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் டயரின் பக்கவாட்டைப் படியுங்கள். எழுத்துகள் கறுப்பில் கறுப்பாக இருக்கும், செல்போன் விளக்கைச் சாய்வாக அடித்தால் துலங்கும்.

என் வண்டியில் முன்னும் பின்னும் ஒரே அளவுதான், 2.75-18. புதிய ஸ்ப்ளெண்டர்களில் அதற்குப் பதிலாக 80/100-18 வருகிறது. அளவு ஒன்றுதானே என்று முன் டயரையும் பின் டயரையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. அளவை அடுத்து ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். என் முன் டயரில் 42P, பின் டயரில் 48P. 42 என்றால் அந்த டயர் 150 கிலோ தாங்கும், 48 என்றால் 180 கிலோ. P என்பது வேகம், மணிக்கு 150 கிலோமீட்டர் வரை. நம் வண்டி அந்த வேகத்தைக் கனவிலும் தொடாது என்பதால் அதைப் பற்றிக் கவலை இல்லை. பாரம்தான் முக்கியம். மனைவி, பிள்ளை, ரேஷன் அரிசி எல்லாம் ஏறுவது பின்சக்கரத்தில். "அதே சைஸ்தான், நூற்றைம்பது ரூபாய் கம்மி" என்று 42 டயரைப் பின்னால் மாட்டிவிடும் கடைகள் இருக்கின்றன. எனக்கே ஒருமுறை மாட்டப் பார்த்தார்கள். பழைய டயரில் இருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள், அதற்குக் குறையாமல் வாங்குங்கள். அகலமான டயர் போட்டால் பிடி கூடும் என்று ஒரு பேச்சு உண்டு. இந்த வண்டிகளின் ஒல்லி ரிம்மில் அகல டயர் சரியாக உட்காராது. செயின் கவரிலும் உரசும்.

அடுத்து ஐ.எஸ்.ஐ. முத்திரை. நம் நாட்டில் விற்கிற வாகன டயருக்கு அது கட்டாயம். இரு சக்கர, மூன்று சக்கர வண்டி டயர்களுக்கான தர எண் 15627. இந்த முத்திரை இல்லாத டயரை எந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. முத்திரை இருக்கிற லோக்கல் டயர், குறைந்தபட்சச் சோதனையைத் தாண்டியது என்று மட்டும் அர்த்தம். இன்னொரு சரக்கும் சில கடைகளில் மூலையில் கிடக்கும். மொட்டையான பழைய டயரில் சூடான கத்தியால் பள்ளம் கீறி, கறுப்பு பூசி வைத்திருப்பார்கள். பள்ளத்தின் ஓரங்கள் சொரசொரப்பாக, ஆழம் ஒரே மாதிரி இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். உள்பக்கம் கையை விட்டுத் தடவினால், ஓடிய டயர் வழவழப்பாகத் தேய்ந்திருப்பது தெரிந்துவிடும்.

இனி நான் அதிக நேரம் செலவிடுகிற இடம், தேதி. ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3822 என்றால் 2022ஆம் வருடத்தின் 38ஆவது வாரம் செய்தது. பல டயர்களில் இது ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். காணவில்லை என்றால் புரட்டிப் பாருங்கள். ரப்பர் ஓடினால்தான் கெடும் என்பதில்லை, சும்மா கிடந்தாலும் வெயிலிலும் காற்றிலும் இறுகும். மதுரை வெயிலில் கடை வாசலில் மாலைபோலத் தொங்கவிடும் டயர் இரண்டு கோடையைப் பார்த்துவிட்டால், அது எந்தக் கம்பெனியாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். ஒருமுறை பெரிய பெயருள்ள டயரை முந்நூறு ரூபாய் தள்ளிக் கொடுத்தார்கள். மகிழ்ச்சியாகக் கையில் வாங்கி, பட்டனின் அடிப்பகுதியை இரண்டு கட்டைவிரலால் விரித்தேன். முடி கனத்தில் வெடிப்புகள் வரிசையாக வாயைத் திறந்தன. தேதியைப் பார்த்தால் நான்கு வருடம். நான்கு வருடம் காய்ந்த கம்பெனி டயரைவிட நான்கு மாதம் முன்பு செய்த, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சாதாரண டயர் மேல் என்பது என் கட்சி. ஒரு வருடத்துக்கு உட்பட்டது கிடைத்தால் பேசாமல் வாங்குவேன். இரண்டைத் தாண்டியதை இலவசமாகக் கொடுத்தாலும் யோசிப்பேன்.

விரல்நகச் சோதனையும் அப்போதே செய்துவிடலாம். பட்டனின் மேற்பரப்பில் நகத்தை அழுத்தி எடுங்கள். தடம் விழுந்து மெல்ல மறைந்தால் நல்லது. தடமே விழாவிட்டால் அந்த டயரோடு மழையில் பழக வேண்டாம். இது ஆய்வகச் சோதனை இல்லை, ஆனால் கடையில் நம்மால் முடிவது இவ்வளவுதான்.

இப்போது முன் சக்கரத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது. பிரேக் பிடித்தவுடன் வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி முன்னால் சாய்கிறது, வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் டயருடையது. பின்சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றவோ, பிரேக்கை விட்டுத் திருத்தவோ ஒரு கணம் கிடைக்கும். நான் அதையும் தவறவிட்டு விழுந்தேன் என்பது வேறு கதை. முன்சக்கரம் வழுக்கினால் அந்த ஒரு கணமும் கிடையாது, வழுக்கியது தெரியும்போது தரையில் இருப்போம். ஈரமான ஜீப்ரா கோட்டில், நத்தம் சாலை மேம்பாலத்தின் இணைப்புப் பட்டைகளில் வண்டி ஏறும்போது நான் நம்பியிருப்பது முன் டயரைத்தான். அது தேய்வதும் மெதுவாக. என் முன் டயர்கள் நாற்பதாயிரத்தைத் தாண்டித்தான் மாறியிருக்கின்றன. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிற செலவில் ஐந்நூறு, அறுநூறு மிச்சம் பிடிக்க எனக்கு மனம் வராது. பின் டயர் தேய்ந்ததும் அதைக் கழற்றி முன்னால் போட்டுவிட்டு, பின்னால் புதிது போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நடுவில் தட்டையாகத் தேய்ந்த டயர், திருப்பத்தில் வண்டியைத் தன் போக்கில் இழுக்கும். சிக்கனம் என்று பெயர் சொல்லித் தேடிக்கொள்ளும் வினை அது.

லோக்கல் டயருக்கு இடமே இல்லையா? இருக்கிறது. என் மாமனார் கருங்காலக்குடிப் பக்கம் இருக்கிறார். அவர் வண்டி காலையும் மாலையும் பால் சொசைட்டிக்குப் போய்வரும். ஒரு வழி ஒன்றரைக் கிலோமீட்டர், வேகம் முப்பது. வருடத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். அவர் வண்டியில் டயர் தேய்ந்து மாறியதாக வரலாறே இல்லை, ரப்பர் காய்ந்து வெடிப்பு விட்டுத்தான் மாறும். இருபத்தைந்தாயிரம் கிலோமீட்டர் உழைக்கிற டயரை அங்கே மாட்டினால், பாதி உழைப்பதற்குள் அதற்கு வயதாகிவிடும். அவருக்குப் பின்சக்கரத்தில் புதுத் தேதியிட்ட, முத்திரையுள்ள சாதாரண டயர் போட்டுக் கொடுத்தேன். முன்னால் கம்பெனி டயர்தான். "எதற்கு மாப்பிள்ளை இரண்டு ஜாதி?" என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நாளொன்றுக்கு இருபது, முப்பது கிலோமீட்டர் அலுவலகம் போய்வருகிறவர்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள். அவர்களுக்கு நான் சொல்வது, பெயர் பெற்ற கம்பெனிகளின் விலை குறைந்த ரகம். எம்.ஆர்.எஃப்., சியட், டி.வி.எஸ். யூரோகிரிப், அப்பல்லோ, ஜே.கே. என்று எடுத்தால் இதே அளவில் பலரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட ரகங்கள் இருக்கும். ஒரு கம்பெனியின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் தன்னிடம் இருப்பதை எடுத்து நீட்டுவார். "இந்த அளவில் உங்களிடம் இருக்கிற எல்லாக் கம்பெனியும் எடுங்கள் அண்ணே, தேதி பார்க்க வேண்டும்" என்று கேளுங்கள். மிகக் குறைந்த கம்பெனி டயருக்கும் லோக்கல் டயருக்கும் இருக்கும் இடைவெளி பல நேரம் முந்நூறு ரூபாயில் முடிந்துவிடும். மதுரைக்காரர்கள் டி.வி.எஸ்ஸைக் கேட்டு வாங்குவதற்கு, மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் அந்த டயர் ஆலை இருப்பதும் ஒரு காரணம். 1946இல் திருவொற்றியூரில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கிய கொட்டகைதான் பிறகு எம்.ஆர்.எஃப். ஆனது. பழைய பெயர் என்பதால் ரப்பருக்குப் பிடி கூடிவிடாது. ஆனால் புடைப்பு வந்தால் பில்லோடு போய்க் கேட்க ஓர் இடம் இருக்கிறது. என் 9,800 கிலோமீட்டர் டயரை எடுத்துக்கொண்டு போனபோது, "அந்தச் சரக்கு இப்போது வருவதில்லை சார்" என்பதோடு பேச்சு முடிந்தது.

அதனால் பில் கேட்டு வாங்குங்கள். பில்லில் டயரின் பெயரும் அளவும் வரிசை எண்ணும் இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய விலையை ஒட்டி வைத்துக்கொண்டு, "இதிலிருந்து இருநூறு தள்ளுபடி" என்று சொன்னால் அதில் வரி குறைந்த பணம் எவ்வளவு என்று கேளுங்கள்.

எப்போது மாற்றுவது என்பதற்குச் சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. இரு சக்கர வண்டிக்குப் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. டயர் ஓரத்தில் ஒரு சிறு முக்கோணம் இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால் ஒரு மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயர் முடிந்தது. நான் அதுவரை போவதில்லை. புரட்டாசியில் ஒருமுறை அளந்து பார்ப்பேன். ஐப்பசி அடைமழையைத் தாங்காது என்று தோன்றினால், இன்னும் இரண்டாயிரம் கிலோமீட்டர் உயிர் இருந்தாலும் கழற்றிவிடுவேன். மழைக்கு முன் வாங்கினால் கடையிலும் நின்று தேர்ந்தெடுக்க முடியும். மழை பிடித்த பிறகு போனால் கிடைத்ததுதான் டயர்.

நல்ல டயரையும் மோசமாக மாட்டிக் கெடுக்கலாம். ட்யூப் டயராக இருந்தால் புதிய டயரோடு புதிய ட்யூப் போடுங்கள். பழைய ட்யூப் விரிந்து பெருத்திருக்கும், உள்ளே மடிந்து அந்த மடிப்பில் கிழியும். கம்பி வீல் என்றால் ரிம்முக்குள் இருக்கும் ரப்பர் பட்டை கிழியாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டயரில் அம்புக்குறி இருக்கும், சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசைக்கு அது பொருந்த வேண்டும். விளிம்பு வழுக்கி உட்கார சோப்புத் தண்ணீர் போதும், கிரீஸ் தடவ விடாதீர்கள். காற்று நிரப்பிய பிறகு, ரிம்மை ஒட்டி டயரைச் சுற்றி ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். அந்தக் கோடும் ரிம்மும் சுற்று முழுவதும் ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை, காற்றை இறக்கி மறுபடி உட்கார வைக்க வேண்டும். பிறகு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஒரு ஸ்குரூ டிரைவரைப் பட்டனுக்கு நூலிழை தள்ளி அசையாமல் பிடியுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம்மில் கோட்டம் அல்லது டயரே வட்டமில்லை. லோக்கல் டயர்களில் ஐம்பதைத் தொட்டதும் ஹேண்டில் நடுங்குவது பெரும்பாலும் இதனால்தான்.

காற்று, என் வண்டிப் புத்தகத்தின்படி, முன்னால் 25 பவுண்டு, தனியாகப் போனால் பின்னால் 28, பின்னால் ஆள் ஏறினால் 40. பங்க்கில் எல்லா வண்டிக்கும் முப்பது, முப்பது என்று அடிப்பார்கள், நீங்கள் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். புது டயரின் மேற்பரப்பில் அச்சிலிருந்து எடுக்கத் தடவிய வழுவழுப்பு இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரை வளைவில் சாய்க்காமல், திடீர் பிரேக் பிடிக்காமல் ஓட்டுங்கள். மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன்னால், டயர் சூடேறும் முன்பே காற்றை அளந்து பாருங்கள். ஒரே இரவில் நான்கைந்து பவுண்டு இறங்கியிருந்தால், மாட்டும்போது நெம்புகோல் ட்யூபைக் கடித்திருக்கிறது. பில்லை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கடைக்குப் போங்கள், இரண்டு நாள் கழித்துப் போனால் ஆணி குத்தியது என்று சொல்லிவிடுவார்கள்.